பிபி மெஷினில் 152/94 என்று வந்தால்: சரியாக அளப்பது, காரணம் தேடுவது, ஆபத்தைக் குறைப்பது

மெஷினில் 152/94 என்று வந்திருக்கிறது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, படியேறினால் மூச்சு வாங்கவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். சிலர் பயந்துபோய்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் ஏற, பயமும் கூடவே ஏறுகிறது. வேறு சிலர், ‘உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்று மெஷினை அலமாரியில் வைத்து மூடிவிடுகிறார்கள். இரண்டாவது தவறு அதிக ஆபத்தானது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 30 முதல் 79 வயதுக்குள் ஏறத்தாழ 140 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

தலை கனத்தால் பிபி ஏறியிருக்கிறது, தலை லேசாக இருந்தால் இறங்கிவிட்டது என்று உடம்பை வைத்துக் கணிக்க முடியாது. அளந்தால்தான் தெரியும். ஒருமுறை அளந்து வந்த எண்ணும் போதாது. சரியான முறையில் பலமுறை அளந்து எடுத்த சராசரிதான் உங்கள் பிபி. இந்தக் கட்டுரையில் அளக்கும் முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். அளவு தவறினால் அதற்குப் பிறகு எடுக்கும் எல்லா முடிவும் தவறும்.

இரண்டு எண்கள் எதைச் சொல்கின்றன

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் விழும் உச்ச அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது தமனியில் மிஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டையும் மில்லிமீட்டர் பாதரசத்தில் சொல்கிறோம். 152 என்றால், அந்த அழுத்தம் ஒரு குழாயில் பாதரசத்தை 152 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் என்று பொருள்.

இந்த அழுத்தத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பது. ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு இது சுமார் 5 லிட்டர். மற்றொன்று, சிறு தமனிகள் அந்த ஓட்டத்துக்குக் கொடுக்கும் தடை. இந்தத் தடையின் கணக்கு வியப்பானது. குழாயின் ஆரம் குறைந்தால் தடை அதன் நான்காம் அடுக்கில் ஏறும். அதாவது ஒரு சிறு தமனி வெறும் 10 சதவீதம் சுருங்கினாலே அதில் தடை ஏறக்குறைய 50 சதவீதம் கூடிவிடும். சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை போட்டாலோ, கோபப்பட்டாலோ, குளிரில் நின்றாலோ எண் சட்டென்று ஏறுவது இதனால்தான். ஒரு நாளைக்குள் பிபி 30, 40 என்று மேலும் கீழும் போய்வருவது இயல்பு. அந்த ஏற்ற இறக்கத்தை நோய் என்று எண்ண வேண்டாம். மொத்தத்தில் எந்த உயரத்தைச் சுற்றி அது ஆடுகிறது என்பதுதான் கேள்வி.

மெஷினும் பட்டையும்

மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷினை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது, விரலில் மாட்டுவது, கைக்கடிகாரம் காட்டுவது எதையும் நம்பி மருந்தின் அளவை முடிவு செய்யக் கூடாது. முறையான சோதனையில் தேறிய மாடல்களின் பட்டியலை ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளம் வெளியிடுகிறது. வாங்குவதற்கு முன் உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் விற்கிறது என்பதற்காக அது சரியாக அளக்கும் என்று சொல்ல முடியாது.

மெஷினைவிடப் பட்டையில்தான் அதிகம் பிழை நேர்கிறது. தோள்பட்டை எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை அந்தச் சுற்றளவில் 80 சதவீத நீளம் சுற்றி வர வேண்டும். பல மெஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான் பொருந்தும். அந்த அளவு பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். 36 செ.மீ. கையில் அதைக் கட்டினால், இல்லாத பிபி இருப்பதாகக் காட்டும். 10, 15 என்று கூடுதலாக வருவதுகூட உண்டு. மெலிந்த கையில் பெரிய பட்டை கட்டினால் உண்மையைவிடக் குறைவாக வரும். பருமனான கை உள்ளவர்கள் பெரிய பட்டையைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. பட்டையைப் பற்றி யோசிக்காமலே வருடக்கணக்கில் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது நடக்கிறது.

இந்த மெஷின் ஸ்டெதாஸ்கோப் போல ஒலியைக் கேட்பதில்லை. பட்டை இறங்கும்போது அதற்குள் ஏற்படும் சிறு அதிர்வுகளை வாங்கி, அதிர்வு உச்சத்தைத் தொடும் இடத்தைச் சராசரி அழுத்தமாக எடுத்துக்கொண்டு, மேல் கீழ் எண்களைக் கணக்குப்போட்டுச் சொல்கிறது. அதனால்தான் கையை அசைத்தாலோ பேசினாலோ எண் கெடுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய இதயத்துடிப்பு இருந்தாலும் அளவு ஒரே சீராக வராது. அப்படிப்பட்டவர்கள் மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். தாளம் தப்பியதற்கான குறி திரையில் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லி இசிஜி எடுத்துப் பாருங்கள்.

அளக்கும் முறை

அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. காலையில் அளப்பதானால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு அளக்க வேண்டும். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை எண்ணை ஏற்றும்.

1. முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கட்டும். பாதங்கள் இரண்டும் தரையில் படியட்டும். கால்மேல் கால் போட்டால் மேல் எண் 2 முதல் 8 வரை ஏறும்.

2. சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்க விடாதீர்கள். சுருட்டிய துணி கையைக் கட்டுப் போட்டதுபோல் நெரிக்கும். கையை வெளியே எடுத்துவிட்டு வெறும் தோலில் பட்டையைக் கட்டுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். குழாய் கையின் உள்பக்கமாக வரட்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும்.

3. கையை மேசைமேல் வையுங்கள். பட்டையின் நடுப்பகுதி மார்பின் நடு உயரத்தில், இதயத்துக்கு நேராக இருக்க வேண்டும். மேசை தாழ்ந்திருந்தால் கைக்கு அடியில் தலையணை வையுங்கள். கை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் 7, 8 வரை கூடுதலாகக் காட்டும். மடியில் கையை வைத்து அளப்பவர்களுக்கு நாள்தோறும் இந்தப் பிழை சேர்கிறது. கை அந்தரத்தில் நிற்கக் கூடாது. தசை இறுகினாலும் எண் ஏறும்.

4. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பேச்சு, ஃபோன், டிவி எதுவும் வேண்டாம். மெஷின் ஓடும்போதும் பேசக் கூடாது. பேசினால் 10 அளவுக்கு ஏறலாம்.

5. முதல் அளவை எடுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவதை எடுங்கள். இரண்டையும் அப்படியே எழுதுங்கள். பிடிக்காத எண்ணை விட்டுவிட்டு நல்ல எண்ணை மட்டும் எழுதுவது மருத்துவரை மட்டுமல்ல, உங்களையே ஏமாற்றும்.

முதல் நாள் இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள். மேல் எண்ணில் 10-க்குள் வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. எந்தக் கையில் அதிகமாக வருகிறதோ அந்தக் கையிலேயே இனி எப்போதும் அளக்க வேண்டும். திரும்பத் திரும்ப அளந்தும் 15-க்கு மேல் வித்தியாசம் நிற்கிறது என்றால், குறைவாகக் காட்டும் பக்கத்துத் தமனியில் அடைப்பு இருக்கக்கூடும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களும், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இணைப்பு) வைத்தவர்களும் அந்தக் கையில் அளக்கக் கூடாது.

ஒரு வாரக் கணக்கு

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று ஏழு நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாள் அளவுகளை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். புது மெஷின், புதுப் பழக்கம் என்பதால் அன்று பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். மீதி ஆறு நாள் 24 அளவுகளின் சராசரிதான் நமக்கு வேண்டியது.

ஓர் உதாரணம் பார்ப்போம். முதல் நாள் சராசரி 158/97. அதை ஒதுக்கியாயிற்று. அடுத்த ஆறு நாள் சராசரிகள் 146/92, 139/88, 142/90, 137/86, 144/91, 138/87. மேல் எண்களின் கூட்டுத்தொகை 846, ஆறால் வகுத்தால் 141. கீழ் எண்களின் கூட்டுத்தொகை 534, வகுத்தால் 89. ஆக, இவருடைய வீட்டு அளவு 141/89. ஆறில் மூன்று நாள் 140/90-க்குக் கீழேதான் வந்திருக்கிறது என்று இவர் நிம்மதி அடையக்கூடும். ஆனால் வீட்டில் அளக்கும்போது எல்லைக்கோடு 140/90 அல்ல, 135/85. அந்தக் கோட்டுக்கு ஒரு நாள்கூட இவர் கீழே வரவில்லை. இவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது.

இங்கே எல்லைக்கோடுகள் குழப்பும். மருத்துவமனையில் அளந்து 140/90 அல்லது அதற்கு மேல் நிலைத்திருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்பதே பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-ல் அந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கின. இரண்டில் ஒரு எண் தாண்டினாலே போதும், இரண்டும் தாண்ட வேண்டும் என்பதில்லை. வீட்டில் பதற்றம் குறைவு என்பதால் வீட்டு எல்லை 135/85. 24 மணி நேரமும் இடுப்பில் மாட்டியிருக்கும் ஆம்புலேட்டரி மெஷினில் முழு நாள் சராசரிக்கு எல்லை 130/80, தூங்கும் நேரத்துக்கு மட்டும் 120/70.

மருத்துவமனையில் மட்டும் ஏறி வீட்டில் இயல்பாக இருக்கும் வகைக்கு ‘வெள்ளைக் கோட்’ பிபி என்று பெயர், மருத்துவர் அணியும் வெள்ளை அங்கியைக் குறிக்கும் சொல் அது. இவர்களுக்கு உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது வீட்டில் வாரக் கணக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு எதிர்மாறான வகையும் உண்டு. மருத்துவரிடம் 128/80, வீட்டிலோ 144/92. இந்த மறைந்திருக்கும் பிபிதான் அதிகம் ஏமாற்றுகிறது. சாதாரண உயர் ரத்த அழுத்தம் செய்யும் கெடுதல் அத்தனையையும் இதுவும் செய்யும். சர்க்கரை நோயாளிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவமனை எண் நன்றாக இருந்தாலும் வீட்டு அளவு அவசியம் என்பது எங்கள் கருத்து.

‘வயதோடு நூறைக் கூட்டினால் வருவது சரியான பிபி’ என்று ஒரு பழைய கணக்கு இன்னும் உலவுகிறது. 70 வயதில் 170 இருக்கலாம் என்று இதை நம்பி விட்டவர்களுக்குப் பக்கவாதம்தான் பதில் சொல்லியிருக்கிறது. வயதாக ஆகப் பிபி ஏறுவது வழக்கம்தான். வழக்கம் என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது.

ஏன் ஏறுகிறது

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பரம்பரை, உப்பு, எடை, மது, உடல் உழைப்பின்மை, வயது எல்லாம் கூடித்தான் ஏற்றுகின்றன.

இதில் மையமாக இருப்பது சிறுநீரகம். பிபி ஏறினால் ஆரோக்கியமான சிறுநீரகம் கூடுதல் உப்பையும் நீரையும் வெளியேற்றி அதை இறக்கிவிடும். நீண்டகால பிபியில் இந்தச் சமநிலைப் புள்ளியே மேலே நகர்ந்துவிடுகிறது. 150 இருந்தால்தான் அன்றாட உப்பை வெளியே தள்ள முடியும் என்ற நிலைக்குச் சிறுநீரகம் போய்விடுகிறது. கூடவே ரெனின் என்ற நொதி தொடங்கிவைக்கும் சங்கிலி ஒன்று இருக்கிறது. அதன் முடிவில் உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 தமனிகளைச் சுருக்குகிறது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்து வைக்கிறது. இன்று எழுதும் பிபி மாத்திரைகளில் பல இந்தச் சங்கிலியை எங்காவது ஓரிடத்தில் அறுப்பவைதான்.

வயதானவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. பெருந்தமனி இளமையில் ரப்பர் போல விரிந்து ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் தாங்கிக்கொள்ளும். அது விறைத்துப்போனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். 168/72 என்பது இப்படி வருவது. கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று இதை விட்டுவிடக் கூடாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மேல் எண்தான் முக்கியம்.

மீதிச் சிலருக்குத் தனிக் காரணம் ஒன்று ஒளிந்திருக்கும். 30 வயதுக்குள் பிபி வந்தாலோ, நன்றாக இருந்த பிபி திடீரென்று கைமீறினாலோ, மூன்று மாத்திரை போட்டும் இறங்காவிட்டாலோ அதைத் தேட வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது பலரும் நினைப்பதைவிடப் பரவலானது, பொட்டாசியம் இயல்பாக இருந்தாலும் இருக்கக்கூடும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பகலில் தூங்கி விழுவது ஆகியவை ஸ்லீப் ஆப்னியாவைக் காட்டும். தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் சேர்ந்து அலைஅலையாக வந்தால் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற அரிய கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகத் தமனிச் சுருக்கம், தைராய்டுக் கோளாறு போன்றவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

இவை எல்லாவற்றையும் தேடுவதற்கு முன் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பிபியை ஏற்றும், பிபி மாத்திரையின் பலனையும் குறைக்கும். ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின், தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் சோடியம் மிகுந்த மாத்திரைகள், நாள்கணக்கில் சாப்பிடும் அதிமதுரம் எல்லாம் எண்ணை ஏற்றக்கூடியவை. பிபி ஏன் இறங்கவில்லை என்று குழம்பி நிற்கும் பலருக்கு, கேட்காமலே வாங்கிப் போடும் வலி மாத்திரைதான் காரணம்.

எதைக் கெடுக்கிறது

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் பிபி 186/108. அன்று அதற்கு நல்ல மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, ‘தலை பயங்கரமாக வலிக்கிறது’ என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்ததில் மேல் எண் 300-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு. அந்த நாளில் அதிபருக்கே கிடைக்காத மருந்துகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன.

தமனிச் சுவரின் உள்படலம் அதிக அழுத்தத்தில் காயப்படும். அந்த இடத்தில் கொழுப்பு படிந்து அடைப்பாகும். மூளைக்குள் ஓடும் நூல்போன்ற தமனிகள் ஒன்று அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெடிக்கும். பக்கவாதத்துக்கு உயர் ரத்த அழுத்தத்தைவிடப் பெரிய காரணம் இல்லை. ஒரே நாளில் வரும் பக்கவாதம் மட்டுமல்ல, நடுவயதில் கவனிக்காமல் விட்ட பிபி முதுமையில் மறதிநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. இதயம் எப்போதும் கூடுதல் எதிர்ப்பைத் தள்ளவேண்டியிருப்பதால் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் விறைத்து, சரியாக விரிந்து நிரம்ப முடியாமல் போய், இதயம் செயலிழக்கத் தொடங்குகிறது. சிறுநீரகத்தில் வடிகட்டிகள் தழும்பேறுகின்றன. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதுதான் அதன் முதல் அடையாளம், அப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) இன்னும் இயல்பாகவே இருக்கும். விழித்திரை ரத்தக்குழாய்கள் சுருங்கும், கசியும். பெருந்தமனி வீங்கவோ, சுவர் பிளக்கவோ செய்யலாம்.

இந்த ஆபத்து 140-ல் திடீரென்று தொடங்குவதில்லை. 10 லட்சம் பேரின் தகவலைத் திரட்டி 2002-ல் வெளியான ஆய்வு, 115/75-இலிருந்தே படிப்படியாக ஏறுவதைக் காட்டியது. 40 முதல் 69 வயதுக்குள், மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 கூடும் ஒவ்வொரு படிக்கும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. திருப்பிப் பார்த்தால், 152-ஐ 140-க்கு இறக்குவதே பெரிய லாபம். ‘முழுதாகக் குறையவில்லையே’ என்று சோர்ந்து விட்டுவிட வேண்டியதில்லை.

உறுதியானதும் செய்யவேண்டிய சோதனைகள்

ரத்தத்தில் கிரியாட்டினின் (அதிலிருந்து சிறுநீரக வடிகட்டும் திறன்), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு. சிறுநீரில் அல்புமின், கிரியாட்டினின் விகிதம். ஒரு இசிஜி, கண் மருத்துவரிடம் விழித்திரை. சிறுநீரில் அல்புமின் விகிதத்தைப் பலர் எடுப்பதில்லை, நீங்களே கேட்டு எடுங்கள்.

உப்பு

நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். உலகச் சராசரி அதைப்போல் இரு மடங்குக்கு மேல். சமைக்கும்போது போடுவது, மேசையில் தூவுவது, பாக்கெட்டில் வருவது எல்லாம் அந்த ஒரு டீஸ்பூனுக்குள் அடங்க வேண்டும்.

பாக்கெட்டில் உப்பு என்று போட்டிருக்காது, சோடியம் என்றுதான் இருக்கும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்குச் சோடியம் 650 மில்லிகிராம் என்று போட்ட 80 கிராம் பாக்கெட்டை ஒருவர் சாப்பிட்டுவிட்டால் உள்ளே போன சோடியம் 520 மில்லிகிராம், உப்பு 1.3 கிராம். நாள் முழுவதற்குமான அளவில் கால் பங்கு ஒரே நொறுக்குத்தீனியில் தீர்ந்தது. ரொட்டி, சாஸ், உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி எல்லாவற்றிலும் சோடியம் அதிகம். நாக்கில் உப்பாகத் தெரியாத ரொட்டியிலும் இருக்கிறது. கல் உப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று மாற்றுவதால் பயனில்லை, எல்லாமே ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடுதான்.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு உண்மையிலேயே உதவுகிறது. சீனக் கிராமங்களில் 20,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரை போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே நின்றுபோகும் ஆபத்து உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் எண் சுமார் 1 குறையும். வாரத்துக்கு 150 நிமிட வேகநடை பிபி உள்ளவர்களுக்கு 5 முதல் 8 வரை குறைக்கும். காய்கறி, பழம், முழுத்தானியம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த டேஷ் உணவுமுறை, 1997 ஆய்வில் பிபி உள்ளவர்களுக்கு மேல் எண்ணைச் சராசரியாக 11 குறைத்தது. மது குறைந்தால் பிபியும் குறையும். புகையிலை ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம்தான் எண்ணை ஏற்றுகிறது, ஆனால் பிபி காயப்படுத்திய அதே தமனியை அதுவும் காயப்படுத்துகிறது. இவற்றின் பலன்களை அப்படியே கூட்டிப் பார்க்க முடியாது, இரண்டு மூன்றை உறுதியாகப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும்.

மாத்திரை

பெரும்பாலும் நான்கு குடும்பங்களிலிருந்து எழுதுவார்கள். அம்லோடிபின் தமனியைத் தளர்த்தும். கணுக்கால் வீங்கினால் அதன் பக்கவிளைவாக இருக்கலாம், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பதறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ராமிப்ரில், எனாலாபிரில் வகையில் வறட்டு இருமல் வரலாம், அப்படி வந்தால் டெல்மிசார்டன், லோசார்டன் வகைக்கு மாற்றுவார்கள். உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் உடனே மருத்துவமனை. குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர் பெருக்கிகள் சோடியம், பொட்டாசியத்தை இறக்கலாம், தொடங்கிய சில வாரங்களில் ரத்தம் பார்க்க வேண்டும். ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை எதுவும் கர்ப்பத்தில் கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே மாத்திரையை உச்ச அளவுக்குக் கூட்டுவதைவிட, இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பது அதிகம் இறக்கும், பக்கவிளைவும் குறையும். ‘இரண்டு மருந்து என்றால் நோய் முற்றிவிட்டது’ என்று நினைக்காதீர்கள். காலையா இரவா என்ற வாதத்துக்கு 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2022-ல் வெளியான டைம் ஆய்வு பதில் சொல்லிவிட்டது: பலனில் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுவே சரியான நேரம்.

எண் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எண் இறங்கியிருப்பது மாத்திரையால். குளோனிடின், பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைத் தணிக்கும் வகை) மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட உயரத்துக்குப் பாயும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், சேர்த்து இரட்டிப்பாகப் போடாதீர்கள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றும்போது சிறுநீர் பெருக்கியையும் ராமிப்ரில், டெல்மிசார்டன் வகையையும் தொடர்வது சிறுநீரகத்தை அடித்துவிடும். அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

இலக்கு பெரும்பாலானவர்களுக்கு, தாங்க முடிந்தால், 130/80-க்குக் கீழ். தள்ளாமை உள்ள முதியவர்களுக்கு இதைத் தளர்த்துவார்கள். அவர்களுக்கு நின்ற நிலையிலும் அளக்க வேண்டும். உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று, மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் அளக்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 சரிந்தால், கீழே விழுந்து எலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. மாத்திரையை அதற்கேற்ப மாற்றவேண்டியிருக்கும்.

180/120 வந்தால்

மெஷினில் 180/120 அல்லது அதற்கு மேல் வந்தால் முதலில் உட்காருங்கள். பட்டை, கை, கால் எல்லாவற்றையும் சரிபார்த்து ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இன்னும் அதே உயரம், ஆனால் உடம்பில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், விட்டுப்போன மாத்திரை ஏதும் உண்டா என்று பார்த்து, அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். நாக்கின் அடியில் நிஃபெடிபின் வைத்து ஐந்தே நிமிடத்தில் இறக்கும் பழைய வைத்தியம் வேண்டாம். உயர் அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளைக்கு, எண் ஒரேயடியாகச் சரிந்தால் ரத்தமே போய்ச் சேராது. அந்த முறையால் பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன.

அந்த எண்ணோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முதுகைக் கிழிப்பது போன்ற வலி, கடுமையான தலைவலியோடு குழப்பம், பார்வை மங்கல், வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். கர்ப்பிணிக்கு எல்லை இதைவிடத் தாழ்ந்தது. 160/110 வந்தாலே உடனே மருத்துவமனை. 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டு, கூடவே தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி இருந்தாலும் அப்படியே.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது தெரிந்தால் மெஷினைத் தேடவே வேண்டாம். தொடங்கிய மணியைப் பாருங்கள். தூக்கத்திலிருந்து அப்படி எழுந்தவராக இருந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவசரப் பிரிவில் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான். மாத்திரைச் சீட்டையும் அந்தத் தாளையும் ஆம்புலன்ஸில் ஏறுபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.